டேப்பைக் குறை சொல்லாதீர்கள்

"இந்தக் காலத்துல போய் கேசட்டா மாமா? ஒரு நல்ல போன் வாங்கித் தந்துடறேன்" என்றான் அக்கா மகன், வெளிநாட்டிலிருந்து. நல்ல பிள்ளைதான். ஏற்கெனவே இரண்டு போன் வாங்கிக் கொடுத்தும் விட்டான். இரண்டும் அக்கா வீட்டு அலமாரியில் தூங்குகின்றன.

அக்காவுக்கு 82 வயது. கண்ணில் நீர் அழுத்த நோய் வந்து, பார்வை அநேகமாகப் போய்விட்டது. கண்ணாடி போல வழவழவென்று இருக்கும் போனில் அவர் விரல் எதைத் தடவிக் கண்டுபிடிக்கும்? பழைய டூ-இன்-ஒன்னில் அப்படியில்லை. பியானோக் கட்டை மாதிரி வரிசையாகப் பட்டன்கள். எது பிளே, எது ரீவைண்டு என்று விரலுக்கே தெரியும். அமுக்கினால் 'டக்' என்று பதில் சொல்லும்.

பேரப்பிள்ளைகள் அனுப்பும் குரல் பதிவுகளை அக்கா கேட்க வேண்டுமானால், வேலைக்கு வரும் பெண்ணையோ பக்கத்து வீட்டுப் பிள்ளையையோ கூப்பிட வேண்டும். "இன்னொரு தடவை போடும்மா" என்று மூன்றாவது முறை கேட்கக் கூச்சம். போன மாதம் என்னிடம் சொன்னார்: "ஏன்டா தம்பி, அதுங்க பேசினதையெல்லாம் ஒரு கேசட்ல புடிச்சுக் குடேன். ராத்திரி தூக்கம் வராதப்போ நானே போட்டுக்குவேன்."

இதைவிட நியாயமான கோரிக்கை எனக்குத் தெரியவில்லை.

என்னிடம் பழைய கேசட் டெக், ஆம்ப்ளிஃபையர், ஒரு லேப்டாப் மூன்றும் இருக்கின்றன. ஒரு முனையில் ஹெட்போன் பின்னும் மறுமுனையில் சிவப்பு, வெள்ளைப் பின்களும் உள்ள ஒயரை வாங்கி, லேப்டாப்பிலிருந்து டெக்கின் லைன்-இன் துளைகளில் மாட்டினேன். ஒரு பழைய பாட்டுக் கேசட்டை எடுத்து, பின்புறம் உடைந்திருந்த காதுகளின் மேல் செல்லோ டேப் ஒட்டி, பதிவு செய்து போட்டுப் பார்த்தேன். பேத்தி பேசுகிறாள், அவள் பின்னால் ஒரு மாவு மில் ஓடுகிறது. 'ம்ம்ம்' என்று விடாத உறுமல்.

கடையில் கேட்டேன். "டேப்னா அப்படித்தான் சார், தூக்கிப் போடுங்க" என்றார் ஒருவர். இன்னொருவர், "மூணு பின் பிளக்குல எர்த் பின்னை உடைச்சு விட்டுடுங்க, சரியாயிடும்" என்றார். முதல் யோசனை சோம்பேறித்தனம். இரண்டாவது யோசனை ஆளைக் கொல்லும். எர்த் பின் இருப்பது, கருவிக்குள் மின்சாரம் கசிந்து அதன் உலோகப் பெட்டியில் ஏறினால் நம் உயிரைக் காப்பதற்காக. இரைச்சலுக்குப் பயந்து அதை உடைக்கக் கூடாது. யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் வாத்தியாராக இருந்தவன் நான். 'ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்' என்று ஆய்வுக்கூடத்தில் பிள்ளைகளுக்கு எத்தனை முறை சொல்லியிருப்பேன்! நான் என்ன செய்தேன்? ஒயரை மாற்றி, கேசட்டை மாற்றி, ஒலி அளவையும் திருகி, எல்லாம் ஒரே சமயத்தில். அப்புறம் எதனால் என்ன நடந்தது என்று எப்படித் தெரியும்? மறுநாள் வரிசையாக ஆரம்பித்தேன்.

முதலில் ஒயரையே கழற்றிவிட்டு வெறுமனே பதிவு செய்தேன். போட்டுக் கேட்டால் மெல்லிய 'ஸ்ஸ்' மட்டும். அது டேப்பின் சொந்தக் குரல். எல்லாக் கேசட்டிலும் இருக்கும். ஆக, உறுமலுக்கு டெக் காரணமில்லை. அடுத்து ஒயரை மாட்டினேன், லேப்டாப்பில் எதுவும் ஓட்டாமல். உறுமல் வந்துவிட்டது. மூன்றாவதாக, லேப்டாப்பின் சார்ஜரைப் பிடுங்கினேன். சட்டென்று அமைதி!

காரணம் எளிது. சார்ஜருக்கும் மூன்று பின், ஆம்ப்ளிஃபையருக்கும் மூன்று பின். இரண்டையும் அறையின் வெவ்வேறு பிளக்குகளில் செருகியிருந்தேன். இரண்டும் சுவருக்குள் எர்த் வழியாக ஒன்று சேர்கின்றன; வெளியே என் ஆடியோ ஒயர் வழியாகவும் ஒன்று சேர்கின்றன. ஒரு வளையம் உண்டாகிவிட்டது. நம் ஊர் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. அதன் சிறு கசிவு அந்த வளையத்தில் ஓடி, உறுமலாகக் காதில் விழுகிறது. பதிவு செய்யும்போது லேப்டாப்பை பேட்டரியில் ஓட்டினால் வளையம் அறுந்துவிடும். பேட்டரி பழசாகி நிற்காதவர்கள், இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகிப் பார்க்கலாம், பெரும்பாலும் குறையும். அப்படியும் போகாவிட்டால், கார் ஆடியோ கடைகளில் 'கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர்' என்று ஒரு சின்னப் பெட்டி கிடைக்கும். உள்ளே குட்டி டிரான்ஸ்ஃபார்மர்கள். ஒயருக்கு நடுவில் மாட்டினால் போதும்.

உறுமல் போன பிறகு, 'ஸ்ஸ்' சத்தம் கொஞ்சம் அதிகமாகத் தெரிந்தது. அது என் தப்பு. லேப்டாப் ஒலியைக் கால்வாசியில் வைத்துவிட்டு, டெக்கின் ரெக்கார்டிங் குமிழை முழுசாகத் திருகியிருந்தேன். குரலோடு இரைச்சலும் பெரிதாகும் அல்லவா? லேப்டாப்பை முக்கால் அளவுக்கு ஏற்றி, குமிழை இறக்கி, பேச்சு உரக்க வரும் இடத்தில் முள் சிவப்பை லேசாகத் தொடும்படி வைத்தேன்.

இன்னும் சில. டால்பி பட்டனை அணைத்துவிட்டேன். டால்பி போட்டுப் பதிந்ததை, டால்பி உள்ள கருவியில் போட்டால்தான் பலன்; அக்காவின் டூ-இன்-ஒன்னில் அது கிடையாது. ஹெட்டை ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்தேன். பஞ்சு காப்பிக் கலரில் வந்தது. பக்கத்தில் இருந்த கைப்பேசியை அடுத்த அறைக்கு அனுப்பினேன், அதன் 'டட்டட்' சத்தமும் டேப்பில் ஏறும். எல்லாம் முடித்து ஒரு பக்கம் பதிந்து கேட்டால், பேரன் திருக்குறள் ஒப்பிக்கும்போது நடுவில் 'டிங்'. எனக்கு ஈமெயில் வந்திருக்கிறது! இணையத்தைத் துண்டித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து.

பிலிப்ஸ் நிறுவனம் 1963-இல் கொண்டுவந்த சாதனம் இந்தக் கேசட். நொடிக்கு ஐந்து சென்டிமீட்டருக்கும் குறைவாக ஊர்கிற நாடா அது. கடைசியில் கணக்குப் பார்த்தால், நான் சந்தித்த ஐந்தாறு கோளாறுகளில் கேசட் செய்த தப்பு அந்த மெல்லிய 'ஸ்ஸ்' ஒன்றுதான். மற்றதெல்லாம் புதிய கருவியாலும் என் அவசரத்தாலும் வந்தவை.

புதியது வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இதை எழுதுவதே லேப்டாப்பில்தான். ஆனால் வயதானவர்களுக்கு ஒன்றைக் கொடுக்கும்போது, எது புதுசு என்று பார்ப்பதைவிட, எதை அவர்கள் பிறர் உதவியில்லாமல் தாமே இயக்க முடியும் என்று பார்ப்பதே சரி. ஒவ்வொரு முறையும் ஒருவரைக் கூப்பிட்டுத்தான் பேரன் குரலைக் கேட்க வேண்டும் என்றால், அது வசதியில்லை, இன்னொரு சார்பு.

கேசட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். எந்தப் பக்கம் 'ஏ' என்று தெரிய, அந்தப் பக்கத்தில் ஒரு துளி ஃபெவிகால் வைத்துக் காயவிட்டிருந்தேன். அக்கா தடவிப் பார்த்தார், போட்டார், கேட்டார். முடிந்ததும் நான் கை நீட்டுவதற்குள் அவரே ரீவைண்டை அமுக்கிவிட்டார்.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு டேப் ரிக்கார்டர் இருக்கலாம். பெல்ட் இளகிப் போயிருக்கும், அவ்வளவுதான், மாற்றிக்கொள்ளலாம். பழைய சாமான்காரருக்கு எடைக்குப் போடுமுன், வீட்டில் இருக்கும் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.