அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்!

"பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் இருந்து விரட்டி விட்டார்கள்" என்று பெற்றோர் கண் கலங்குகிறார்கள்.

பள்ளிக்கூடத்து ஏட்டைப் புரட்டினால் அப்படி ஒன்றும் இருக்காது. "பெற்றோர் கேட்டுக்கொண்டபடி டி.சி. கொடுக்கப்பட்டது" என்று இருக்கும்!

கேட்டது யார்? கேட்க வைத்தது யார்? அதை எந்த ஏடும் சொல்லாது.

ஓயாமல் ஓடும் பிள்ளை, எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறும் பிள்ளை, ஆட்டிசம் உள்ள பிள்ளை, காது மந்தமான பிள்ளை, மூளை வளர்ச்சி சற்றுப் பின்தங்கிய பிள்ளை - இவர்கள் வீட்டில் எல்லாம் ஒரு நாள் இந்தப் பேச்சு நடக்கிறது. தலைமை ஆசிரியர் அறையில் தகப்பனார் கைகட்டி நிற்பார். தாயார் முந்தானையைத் திருகிக்கொண்டு நிற்பார்.

"உங்க பையன் ஒரு இடத்தில் உட்கார மாட்டேன் என்கிறான். பக்கத்துப் பிள்ளையைக் கிள்ளுகிறான். மற்றவர்கள் படிப்பும் கெடுகிறது."

"இன்னும் கொஞ்ச நாள் பாருங்க சார். வீட்டிலே கண்டிச்சு வைக்கிறோம்."

"கண்டித்து என்னம்மா பிரயோஜனம்? இவனுக்கு ஏற்ற பள்ளிக்கூடமாகப் பார்த்துச் சேருங்கள். நாங்களாக நீக்கினால் பையன் பெயர் கெட்டுவிடும். நீங்களே டி.சி. வேண்டும் என்று ஒரு மனு எழுதிக் கொடுத்து விடுங்கள். உங்கள் நன்மைக்குத்தான் சொல்கிறேன்."

நன்மைக்கு என்று சொன்னதும் தகப்பனார் பேனாவை வாங்கிவிடுகிறார். அந்த ஒரு கையெழுத்தில் எல்லாம் முடிந்து போகிறது. பிறகு எந்த அதிகாரியிடம் போனாலும், "நீங்களாகத்தானே அழைத்துப் போனீர்கள்?" என்ற கேள்விதான் வரும்.

சட்டம் என்ன சொல்கிறது?

பள்ளி நிர்வாகம் மனு கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. நேராக நீக்க சட்டம் இடம் தரவில்லை!

2009-ல் நிறைவேறிய கட்டாயக் கல்விச் சட்டம், 2010 ஏப்ரல் 1-ந் தேதி நடைமுறைக்கு வந்தது. 8-ம் வகுப்பு முடியும் வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியில் இருந்து நீக்கக்கூடாது என்று அதன் 16-வது பிரிவு கூறுகிறது. 2019-ல் இந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். 5-ம் வகுப்பிலும் 8-ம் வகுப்பிலும் தேறாதவர்களை அதே வகுப்பில் நிறுத்திவைக்க மாநிலங்களுக்கு வழி விட்டார்கள். ஆனால் பள்ளியை விட்டு நீக்கக்கூடாது என்ற விதியைத் தொடவில்லை. அடிப்பதும், மனம் நோகும்படி நடத்துவதும் 17-வது பிரிவின்படி தடை செய்யப்பட்டவை.

சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு கூறியது. இதைச் சொல்லி வாயை அடைப்பவர்களும் உண்டு. அவர்களுக்குப் பதில் இன்னொரு சட்டத்தில் இருக்கிறது.

அதுதான் 2016-ம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம். முன்பிருந்த 1995-ம் ஆண்டுச் சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகள்தான் இருந்தன. புதிய சட்டத்தில் 21 வகை. ஆட்டிசமும், படிப்பு வராமல் தடுக்கும் கற்றல் குறைபாடும் இதில்தான் சேர்ந்தன. அரசு பணம் பெறும் பள்ளி ஆனாலும் சரி, அரசு அங்கீகாரம் மட்டும் பெற்ற பள்ளி ஆனாலும் சரி, இந்தப் பிள்ளைகளை வேற்றுமை பாராமல் சேர்த்து, மற்ற பிள்ளைகளோடு கல்வி தர வழி செய்ய வேண்டும் என்கிறது இந்தச் சட்டம்.

40 சதவீதக் குறைபாடு இருப்பதாகச் சான்றிதழ் பெற்ற பிள்ளைக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உண்டு. பக்கத்துப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்பதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பிள்ளையின் பக்கம் இருக்கிறது. தலைமை ஆசிரியரின் பக்கம் இல்லை!

என்ன பதில் சொல்வது?

சண்டை போட வேண்டியதில்லை. மரியாதையாகவே சொல்லலாம்.

"வீட்டிலே கலந்து பேசிட்டு வர்றோம் சார். பையனிடம் என்ன குறை என்று எழுதிக் கொடுத்தால் டாக்டரிடம் காட்ட வசதியாக இருக்கும்."

எழுதிக் கொடுத்தால் நல்லது. கொடுக்காவிட்டால், அன்று நடந்த பேச்சைத் தேதி போட்டு எழுதி, ஸ்பீட் போஸ்ட்டில் பள்ளிக்கு அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்தி வைக்க வேண்டும். எழுதத் தெரியாதவர்கள் தெரிந்தவர் ஒருவரைக் கொண்டு எழுதலாம். கைநாட்டு வைத்தாலும் மனு மனுதான்.

சில இடங்களில் டி.சி. பேச்சே எழாது. காலை 11 மணிக்குப் போன் வரும். "பையன் அடங்க மாட்டேன் என்கிறான், வந்து கூட்டிப் போங்கள்." வாரத்தில் 3 நாள் இப்படி. வேலைக்குப் போகும் தாய் எத்தனை நாள் ஓடி வருவாள்? கடைசியில் அவளே பிள்ளையை நிறுத்தி விடுகிறாள். இதுவும் நீக்குவதுதான், காகிதம் இல்லாமல் நடக்கிறது, அவ்வளவுதான். அழைத்த தேதியும் நேரமும் சொன்ன காரணமும் ஒரு நோட்டில் ஏற வேண்டும்.

அந்த நோட்டு

நோட்டு புகாருக்கு மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. பிள்ளையைப் புரிந்துகொள்ளவும் அது உதவும்.

ஒவ்வொரு சம்பவத்துக்கும் மூன்று விஷயம் எழுத வேண்டும். அதற்குச் சற்று முன்னால் என்ன நடந்தது? பிள்ளை என்ன செய்தான்? அதன் பிறகு என்ன நடந்தது? ஆசிரியை ஒரு வரி சொன்னாலும் போதும். இரண்டு மூன்று வாரம் எழுதிப் பார்த்தால் ஏதாவது ஒன்று தெரிய ஆரம்பிக்கும்.

பையன் எப்போதும் முரடன் என்று எல்லாரும் சொல்லியிருப்பார்கள். நோட்டைப் பார்த்தால், சண்டை எல்லாம் மணி அடிக்கும் நேரத்திலேயே வந்திருக்கும்! ஆட்டிசம் உள்ள சில பிள்ளைகளுக்கு மணி ஓசை காதில் ஆணி அடிப்பது போல இருக்கும். பிள்ளை பொறுக்க முடியாமல் பக்கத்தில் இருப்பவனைத் தள்ளுவான். மணி அடிப்பதற்கு முன்னால் ஆசிரியை தோளைத் தொட்டுச் சொல்லிவிட்டால் பாதி சண்டை குறையும்.

இன்னொரு பையன் கணக்கு வகுப்பில் ஒழுங்காக இருப்பான். தமிழ் வகுப்பில் மட்டும் குறும்பு. ஏன் தெரியுமா? எழுந்து நின்று வாசிக்கச் சொல்வார்கள். எழுத்து அவனுக்கு இடம் மாறித் தெரிகிறது. படிக்கத் தெரியாதவன் என்று நாற்பது பேர் சிரிப்பதைவிட, போக்கிரி என்று பெயர் எடுத்து வெளியே நிற்பது அவனுக்கு மேல்! அவனுக்கு அடி கொடுத்துப் பயன் இல்லை. எல்லார் முன்னாலும் வாசிக்கச் சொல்லாமல், தனியே வாசிக்கச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது பிள்ளை, "சொன்னால் கேட்பதில்லை" என்ற குற்றச்சாட்டுக்கு ஆளானவள். அவளுக்கு உண்மையிலேயே கேட்பதில்லை. காதில் சீழ்! முன் வரிசையில் உட்கார வைத்து, காதுக்கு வைத்தியம் பார்த்தால் போதும்.

ஆகவே மந்திரித்துக் கயிறு கட்டுவதற்கு முன்னால் கண்ணையும் காதையும் சோதிக்க வேண்டும். அரசுப் பள்ளிகளுக்கு நடமாடும் மருத்துவக் குழு வருகிறது. மேல்சோதனைக்கு மாவட்டத்தில் உள்ள அரசு தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை அங்கே பார்க்கிறார்கள். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கான மத்திய அரசு நிறுவனம் 2005 முதல் இருக்கிறது. ஒன்றியம்தோறும் உள்ள வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள். இதை அறியாத பெற்றோர் ஏராளம்.

வீட்டுக்குள் நடப்பதையும் சொல்ல வேண்டும். "உன் வளர்ப்பு சரியில்லை" என்று மாமியார் மருமகளைப் பழிப்பார். "உங்க வம்சத்தில்தான் இப்படி" என்று பதிலுக்குப் போகும். ஆட்டிசம் வளர்ப்பினால் வருவது அல்ல என்பது மருத்துவத்தில் முடிந்துபோன விஷயம். அந்தப் பேச்சில் செலவாகும் மூச்சை வேறு காரியத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

எடிசன் கதையைச் சொல்லி ஆறுதல் கூறுகிறவர்களும் இருக்கிறார்கள். மூளை குழம்பியவன் என்று ஆசிரியர் சொன்னதாகவும், தாயார் வீட்டில் வைத்துப் படிப்பித்ததாகவும் கதை போகிறது. எடிசனின் தாயார் ஆசிரியையாக இருந்தவர் என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை! களை எடுக்கப் போகும் தாய்க்கு அது எப்படி முடியும்? எல்லாப் பிள்ளையும் மின்விளக்கைச் செய்ய வேண்டியதும் இல்லை. பஸ் எந்த ஊருக்குப் போகிறது என்று படிக்கவும், கடையில் மீதிச் சில்லறையை எண்ணி வாங்கவும், தனக்கு வலிக்கும் இடத்தைச் சொல்லவும் தெரிந்தால் அந்த வீட்டுக்கு அது பெரிய காரியம்.

ஆசிரியர் என்ன செய்வார்?

நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒரு ஆசிரியை திண்டாடுவதும் பொய் அல்ல. தொடக்கப் பள்ளியில் இப்படிப்பட்ட பிள்ளைகள் 10 பேருக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேல் உள்ள வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் என்று மத்திய அரசு 2022-ல் விதி செய்தது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் ஒரே சிறப்பாசிரியர் பல பள்ளிகளைச் சுற்றி வருகிறார், அதுவும் தொகுப்பூதியத்தில்! அவர் வராத நாட்களில் வகுப்பு ஆசிரியையும் பிள்ளையும் ஒருவரை ஒருவர் நொந்துகொள்கிறார்கள். விதியை எழுதிய அரசாங்கம் ஆளையும் அனுப்ப வேண்டும். ஆள் இல்லாத குறைக்குப் பிள்ளையை அனுப்பி விடுவது நியாயம் ஆகாது.

செலவில்லாமல் முடிகிறவையும் இருக்கின்றன. ஓடும் பையனுக்கு நோட்டுகளை அடுக்கிக் கொடுக்கும் வேலை தரலாம். நாலு வேலையை ஒரே மூச்சில் சொல்லாமல் ஒவ்வொன்றாகச் சொல்லலாம். தேர்வில் கூடுதல் நேரம், சொல்லச் சொல்ல எழுத ஓர் ஆள், இரண்டாவது மொழிப் பாடத்தில் இருந்து விலக்கு - இவை சட்டத்திலேயே உள்ள சலுகைகள். கெஞ்ச வேண்டியதில்லை, சான்றிதழோடு முன்கூட்டி மனு கொடுக்க வேண்டும்.

அப்படியும் பள்ளி மறுத்தால், கட்டாயக் கல்விச் சட்டப்படி உள்ளாட்சி அமைப்பிடம் எழுத்தில் புகார் கொடுக்கலாம். 3 மாதத்துக்குள் விசாரித்து முடிவு சொல்ல வேண்டும். முடிவு சரியில்லை என்றால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கு அப்பீல் உண்டு. மாற்றுத் திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடமும் போகலாம். கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மனு நாளும் இருக்கிறது. நோட்டும் தபால் ரசீதும் இங்கேதான் பேசும்.

இன்னொரு வழியும் உண்டு. அரசுப் பள்ளிகளில் மேலாண்மைக் குழு இருக்கிறது. அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். நலிந்த பிரிவினருக்கு அதில் இடம் தர வேண்டும். 2012-ல் வந்த திருத்தத்தின்படி, குறைபாடு உள்ள பிள்ளைகளும் அந்தப் பிரிவில் சேர்ந்தவர்கள். அந்தப் பிள்ளையின் தாய் குழுவில் உறுப்பினர் ஆகலாம். சிறப்பாசிரியர் எந்தக் கிழமை வருவார் என்று கூட்டத்திலேயே கேட்டு, தீர்மானப் புத்தகத்தில் எழுத வைக்கலாம்.