தாயின் மேல் பழி போடாதீர்கள்



போன வாரம் நாமக்கல் பஸ்ஸில் ஒரு பெண். மடியில் ஆண் குழந்தை. உடம்பெல்லாம் கரப்பான், காதில் சீழ், மூக்கில் அடிக்கடி ரத்தமாம். "சொந்தத்துல கட்டுனா இப்படித்தான்" என்றார் பக்கத்தில் இருந்தவர். "தாய் ராசி" என்றார் இன்னொருவர். அந்தப் பெண் தலை நிமிரவே இல்லை.

அந்தக் குழந்தைக்கு என்னவென்று மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஆனால் இந்த மூன்றும் சேர்ந்து வரும் நோய் ஒன்று உண்டு: விஸ்காட்-ஆல்ட்ரிச். 1937-இல் ஜெர்மன் மருத்துவர் விஸ்காட் மூன்று சகோதரர்களிடம் இதைக் கண்டார். அவர்களுடைய சகோதரிகளுக்கு நோய் இல்லை. காரணமான மரபணு 1994-இல் தெரிந்தது.

நம் செல்லுக்குள் ஆக்டின் என்ற நுண்ணிய இழைகள் உண்டு. கட்டடத்துக்குச் சாரம் கட்டுவதுபோல், தேவையான இடத்தில் இவை கிளைவிட்டு வளர வேண்டும். "இங்கே கட்டு" என்று சொல்லும் மேஸ்திரிதான் வாஸ்ப் என்ற புரதம். மேஸ்திரி இல்லையென்றால் வெள்ளை அணுக்களால் கிருமியை நோக்கி ஒழுங்காக நகர முடியாது. டெங்கு வந்தால் எண்ணிப் பார்க்கிறோமே, அந்தத் தட்டணுக்களும் குறைந்து, அளவிலும் சிறுத்துவிடும்.

இந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. மகனுக்கு அது தாயிடமிருந்து மட்டுமே வரும். ஆகவே மாமன் மகளைக் கட்டியதற்கும் இந்த நோய்க்கும் தொடர்பில்லை. சில குழந்தைகளுக்குப் புதிதாகவே மரபணு மாறியிருக்கும். தாய் தெரிந்து செய்த குற்றம் எதுவும் இதில் இல்லை.

நான் வேலையில் இருந்தபோது, காதில் பஞ்சோடு வரும் ஒரு பையனை, "லீவுக்குச் சாக்கா?" என்று அதட்டியிருக்கிறேன். நாலாம் வகுப்போடு நின்றுவிட்டான். உடம்புக்கு என்ன என்று நான் கேட்கவே இல்லை. இன்றும் உறுத்துகிறது.

அதனால் சொல்கிறேன். இப்படிப்பட்ட குழந்தையைப் பார்த்தால் மந்திரிக்க அனுப்பாதீர்கள். முதலில் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். எலும்பு மஜ்ஜை மாற்றினால் நோயைக் குணமாக்க முடியும். வேலூர் சி.எம்.சி.யில் 1986 முதல் மஜ்ஜை மாற்று சிகிச்சை நடக்கிறது. தேசிய அரிய நோய்க் கொள்கையிலும் இந்த நோய் இருக்கிறது, ரூ. 50 லட்சம் வரை உதவிக்கு வழியுண்டு.

கூடப்பிறந்தவரின் மஜ்ஜை பொருந்த நாலில் ஒரு வாய்ப்புதான். மற்றவர்களுக்கு முன்பின் தெரியாத கொடையாளர் வேண்டும். என் மாணவர்களில் வயதும் உடல்நலமும் உள்ளவர்கள் சென்னையில் உள்ள தாத்ரி பதிவகத்தில் பெயர் கொடுங்கள். கன்னத்தின் உட்புறம் பஞ்சுக்குச்சியால் தடவி எடுப்பார்கள், அவ்வளவுதான்.

பெயர் கொடுத்தவர்கள் கீழே ஒரு வரி எழுதுங்கள். வாத்தியார் மனம் குளிரும்.