சொல்லிவிட்டுத்தான் கடிக்கிறது

நாய்க்கடி ஊசிக்கு வரிசையில் நிற்பவரிடம் என்ன நடந்தது என்று கேட்டால், திருவண்ணாமலையில் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: “சும்மா போயிக்கினு இருந்தேன், திடீர்னு பாஞ்சிடுச்சி.” டீக்கடைப் பேச்சும் நாளிதழ்ச் செய்தியும் இதைத்தான் சொல்கின்றன. நாய் எப்போது கடிக்கும் என்று யாருக்கும் தெரியாதாம். அது எந்த அறிகுறியும் காட்டாதாம்.

இந்த ஊரில் அப்படி நம்பக் காரணம் இருக்கிறது. பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் பௌர்ணமி தோறும் லட்சக்கணக்கானோர் இரவில், வெறுங்காலுடன் நடக்கிறார்கள். பாதையிலேயே பிறந்து வளர்ந்த நாய்களுக்கு அன்று ஒதுங்க இடமில்லை. உலகில் ஆண்டுதோறும் ரேபிஸால் இறப்போர் சுமார் 59,000 பேர் என்றும், அதில் 36 சதவீதம் இந்தியாவில் என்றும் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. ஆகவே பயத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் “அறிகுறியே இல்லை” என்ற வாதம் தவறு. நோயுற்ற நாயை விட்டுவிட்டால், மற்ற நாய்கள் கடிப்பதற்கு முன் உடம்பாலும் குரலாலும் பலமுறை சொல்லிவிடுகின்றன. நாம்தான் அதை வேறாகப் படிக்கப் பழகியிருக்கிறோம். அந்தத் தவறான பாடங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

“வால் ஆட்டுகிற நாய் நம்மிடம் ஆசையாக இருக்கிறது”

வால் ஆடினால் நாய் கிளர்ந்திருக்கிறது என்று பொருள். மகிழ்ச்சியில் கிளர்ந்ததா, எரிச்சலில் கிளர்ந்ததா என்பதை வால் எங்கே நிற்கிறது, எப்படி ஆடுகிறது என்று பார்த்துத்தான் சொல்ல முடியும். நட்பான நாய்க்கு வால் நடு உயரத்தில் தளர்வாக, அகலமாக ஆடும். இடுப்பும் சேர்ந்து நெளியும். வால் செங்குத்தாக விறைத்து, நுனி மட்டும் வேகமாகத் துடித்தால் அது எச்சரிக்கை. கால்களுக்கிடையே இறங்கி, அடியில் மெல்ல அசைந்தால் அது அச்சம். அஞ்சிய நாய்க்கு ஓட வழியில்லாவிட்டால் கடிதான் மிச்சம்.

2007இல் இத்தாலிய ஆய்வாளர்கள் முப்பது நாய்களின் வாலசைவைப் படம் பிடித்து அளந்தார்கள். வளர்ப்பவரைக் கண்டபோது வால் நாயின் வலப்பக்கம் அதிகம் சாய்ந்தது. முன்பின் அறியாத, மிரட்டலான நாயைக் கண்டபோது இடப்பக்கம் சாய்ந்தது. 2013இல் அதே குழுவினர், இடப்பக்கச் சாய்வைப் படத்தில் பார்த்த மற்ற நாய்களின் இதயத் துடிப்பு கூடியதையும் கண்டார்கள். நடந்துபோகும் நாம் இந்தச் சாய்வை அளந்துகொண்டிருக்க முடியாதுதான். ஆனால் வாலாட்டல் எல்லாம் ஒன்றல்ல என்பது நாய்களுக்கே தெரியும்போது, நாம் மட்டும் ஒரே பொருள் கொள்வது ஏன்?

“குரைக்கிற நாய் கடிக்காது”

இது மனிதர்களைப் பற்றிய பழமொழியாக இருந்தவரை சரி. நாயைப் பற்றிய விதியாக எடுத்துக்கொண்டால் காலில் தையல் விழும்.

குரைப்பிலும் வகை உண்டு. தாழ்ந்த தொனியில், இடைவெளி குறைவாக, அடுக்கடுக்காக வருவது “கிட்டே வராதே” என்பது. உயர்ந்த தொனியில், இடைவெளி விட்டு வருவது தனிமையோ விளையாட்டோ. இதைப் புரிந்துகொள்ள நாய் வளர்த்த அனுபவம்கூடத் தேவையில்லை. புடாபெஸ்ட் நகரில் ஹங்கேரிய ஆய்வாளர்கள் பல சூழல்களில் பதிவு செய்த குரைப்புகளை மக்களிடம் போட்டுக்காட்டினார்கள். நாய் வளர்த்தவர், வளர்க்காதவர் என்ற வேறுபாடு பெரிதாக இல்லாமல், எது எந்தச் சூழலில் வந்தது என்பதை ஊகத்தைவிடக் கூடுதலாகவே சரியாகச் சொன்னார்கள். நம் காதுக்கு அந்தத் திறமை இருக்கிறது. பழமொழியை நம்பிக் காதை மூடிக்கொள்கிறோம்.

உறுமலோ இன்னும் தெளிவானது. 2010இல் அதே நகரில் நடந்த மற்றொரு சோதனையில், தனியாகக் கிடந்த எலும்பை எடுக்க வந்த நாய்களுக்கு ஒளித்துவைத்த ஒலிபெருக்கியில் உறுமலைக் கேட்கவைத்தார்கள். தீனியைக் காக்கும் உறுமலைக் கேட்ட நாய்கள் பின்வாங்கின. அந்நியரை மிரட்டும் உறுமலுக்கும் விளையாட்டு உறுமலுக்கும் அந்த அளவு மசியவில்லை. நம் காதுக்கு ஒன்றுபோலக் கேட்பது அவற்றுக்குத் தனித்தனிச் செய்தி.

இங்கே வீட்டில் வளர்ப்பவர்கள் செய்யும் பெரிய தவறு ஒன்று உண்டு. உறுமினால் அடிக்கிறார்கள். அடி வாங்கிய நாய் உறுமுவதை நிறுத்திவிடும். உறுமவைத்த அச்சம் அப்படியே இருக்கும். அடுத்த முறை அது சத்தமின்றிக் கடிக்கும். “எச்சரிக்காமல் கடித்துவிட்டது” என்று பிறகு புகார் சொல்வார்கள். எச்சரிக்கையை அடித்து அடக்கியவர்கள் அவர்களேதான்.

“கொட்டாவி விட்டால் தூக்கம், நாக்கைச் சுழற்றினால் பசி”

கடிகளில் பல இந்தத் தவறான வாசிப்பிலிருந்துதான் தொடங்குகின்றன.

பௌர்ணமி இரவு, கிரிவலப் பாதையில் நிருதி லிங்கத்தைத் தாண்டி ஒரு டீக்கடை. பெஞ்சுக்கு அடியில் நாய் ஒன்று சுருண்டு கிடக்கிறது. புண்ணியத்துக்குத் தீனி போட வந்த ஒருவர், பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தபடி குனிந்து, அதன் தலைக்கு மேல் கையை நீட்டுகிறார். நாய் தலையை மறுபக்கம் திருப்புகிறது. அவர் இன்னும் கிட்டே போகிறார். நாய் மூக்கை ஒருமுறை நக்கிக்கொள்கிறது. வாயில் எதுவும் இல்லை. இன்னும் தின்னவும் இல்லை. அடுத்து ஒரு நீண்ட கொட்டாவி. “பாவம், தூக்கம்” என்கிறார் பக்கத்தில் இருப்பவர். காதுகள் பின்னால் படிகின்றன. தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் கையின் பக்கம் ஓட்டுவதால், விழியின் வெள்ளை ஓரத்தில் தெரிகிறது. பிறகு உடம்பு முழுதும் அசைவற்று நிற்கிறது. மூச்சுகூட ஒரு கணம் நின்றதுபோல். “பாருங்க, எவ்வளவு அமைதியா இருக்கு” என்று கை தலையில் படுகிறது. அப்போது பாய்கிறது.

தலைதிருப்பல், மூக்கு நக்கல், கொட்டாவி, படிந்த காது, வெள்ளை விழி, உறைந்த உடம்பு: ஆறு முறை அது “வேண்டாம்” என்று சொல்லிவிட்டது. நார்வேயைச் சேர்ந்த நாய்ப் பயிற்சியாளர் தூரிட் ருகாஸ் இத்தகைய சைகைகளில் பலவற்றை, மோதலைத் தவிர்க்க நாய் செய்யும் சமாதானச் சைகைகள் என்று தொகுத்துக் காட்டியிருக்கிறார். இவற்றில் கடைசியான உறைதலைத்தான் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். அதற்கும் கடிக்கும் இடையே பெரும்பாலும் வேறெந்தப் படியும் இருக்காது.

வீட்டிலும் இதே கதைதான். செருப்பைக் கடித்துப்போட்ட நாய் காதைத் தாழ்த்தி, உடம்பைக் குறுக்கி, பார்வையை விலக்கினால் “தப்பு பண்ணிட்டு முழிக்குது பாரு” என்கிறோம். அமெரிக்க ஆய்வாளர் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009இல் இதைச் சோதித்தார். தவறு செய்த நாயும் செய்யாத நாயும், வளர்ப்பவர் திட்டும்போது ஒரேபோல அந்த முகத்தைக் காட்டின. அது குற்ற உணர்வல்ல. திட்டுக்குக் காட்டும் அச்சம். அச்சத்தில் குறுகிய நாயை மூலைக்குத் தள்ளி மேலும் திட்டுவது கடியை விலைக்கு வாங்குவது.

“ஊளையிட்டால் வீட்டில் சாவு விழும்”

எமன் வருவது நாய்க்குத் தெரியும் என்ற நம்பிக்கை, எமலிங்கம் இருக்கும் ஊரில் நிலைப்பதில் வியப்பில்லை. ஆனால் ஊளை என்பது தொலைவில் இருக்கும் இனத்தோடு பேசும் குரல். நீண்டு இழுக்கும் ஒலி குரைப்பைவிட வெகுதூரம் போகும். கூட்டத்திலிருந்து பிரிந்த நாய், துணை தேடும் நாய், குட்டியை இழந்த தாய் எல்லாம் ஊளையிடும். ஆம்புலன்ஸ் சைரனுக்கும் கோயில் சங்குக்கும் எதிர்க்குரல் கொடுப்பதும் இதனால்தான். சைரன் சத்தம் கேட்கிற தெருவில் யாரோ ஒருவர் சாகக் கிடப்பது இயல்பு. பழி மட்டும் நாய் மேல் விழுகிறது. ஊளையிட்ட நாயைக் கல்லால் அடித்துத் துரத்தினால், மனிதர்களைக் கண்டாலே மிரளும் நாய் ஒன்று அந்தத் தெருவில் கூடும். அவ்வளவுதான் பலன்.

“தெருநாய்க்கு என்ன புரியும்? கல்லை எடு, இல்லையென்றால் ஓடு”

தெருநாய்க்கு நம்மைப் புரிகிறது. கொல்கத்தாவின் ஐசர் என்ற அறிவியல் ஆய்வு நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவின் குழுவினர் பல ஆண்டுகளாகத் தெருநாய்களை ஆராய்கிறார்கள். 2020இல் வெளிவந்த அவர்களது ஆய்வில், பயிற்சியே பெறாத தெருநாய்களுக்கு முன் இரண்டு மூடிய கிண்ணங்களை வைத்து, அறிமுகமில்லாத ஒருவர் ஒன்றைக் கையால் சுட்டிக்காட்டினார். துணிந்து கிட்டே வந்த நாய்களில் ஏறத்தாழ 80 சதவீதம் சுட்டிய கிண்ணத்துக்கே போயின. சரிபாதி நாய்கள் வரவே இல்லை. மனிதர் மேல் இருந்த பயமே அதற்குக் காரணமென ஆய்வாளர்கள் கருதினார்கள். புரிதல் இல்லாமல் இல்லை, நம்பிக்கைதான் இல்லை.

திருவண்ணாமலைக்கு இது புதிய செய்தியல்ல. ரமண மகரிஷி மலைமேல் கந்தாசிரமத்தில் இருந்த காலத்தில் கமலா என்ற நாய், புதிதாக வந்தவர்களைச் சுற்றிக்காட்டும்படி சொன்னால் குகைகளுக்கும் சுனைகளுக்கும் அழைத்துப்போய்க் காட்டிவிட்டுத் திரும்பும். ரமணர் ஆசிரமத்து நாய்களை “பசங்க” என்றே சொல்வார். அவர்களுக்குச் சாப்பாடு ஆயிற்றா என்று கேட்பார். ஜாக்கி என்ற நாய்க்கு ரமணாசிரமத்துக்குள் சமாதியே உண்டு. இதை அருள் என்பவர்கள் அப்படியே சொல்லட்டும். கூர்ந்து பார்க்கிற ஒருவரிடம் நாய் எவ்வளவு தெளிவாகப் பேசும் என்பதற்கும் இதுவே சான்று.

கல்லுக்கும் ஓட்டத்துக்கும் வருவோம். குனிந்து தரையில் கை வைத்தாலே நம் ஊர் நாய் பின்வாங்குவது உண்மை. பலமுறை கல்லடி பட்ட நாய், தூரத்தில் இருந்தால் ஓடும். கிட்டே இருந்தால், குட்டி வைத்திருந்தால், எறியும் முன் பாயும். மழைக்காலத்தின் பிற்பகுதியிலும் பனிக்காலத்திலும் தெருநாய்கள் அதிகம் குட்டி போடும். கார்த்திகை தீபக் கூட்டமும் அப்போதுதான் வருகிறது. ஓடினாலோ, ஓடுவதைத் துரத்துவது நாயின் பிறவிக்குணம். பைக்கைத் துரத்துவதும் அதனால்தான். நின்றுவிடுங்கள். கையை உடம்போடு ஒட்டி வையுங்கள். கண்ணுக்குக் கண் முறைக்காதீர்கள். நாய் மொழியில் அது சவால். பல்லைக் காட்டிச் சிரிப்பதும் சிநேகமாகப் படாது. பக்கவாட்டாகத் திரும்பி, மெதுவாக விலகுங்கள். நாய்க்கு வேண்டியது பெரும்பாலும் அந்த இடைவெளி மட்டுமே.

விதிவிலக்கு: வெறிநாய்

ரேபிஸ் கண்ட நாய் உண்மையிலேயே எச்சரிக்காமல் கடிக்கலாம். எதிர்த்தரப்பு வாதத்தில் நிற்பது இந்த ஒன்றுதான். ஆனால் இங்கும் ஒரு பிழை ஒட்டிக்கொண்டிருக்கிறது: நுரை தள்ளி, வெறிபிடித்து ஓடினால்தான் வெறிநாய் என்பது. வெறியே காட்டாமல், தாடை தொங்கி, விழுங்க முடியாமல், தள்ளாடி மூலையில் ஒடுங்கும் வகையும் உண்டு. தொண்டைத் தசை செயலிழப்பதால் குரல் கம்மி, குரைப்பே மாறிவிடும். தெரிந்த நாயின் குரல் திடீரென மாறினால் தொண்டையில் எலும்பு சிக்கியதோ என்று வாய்க்குள் கையை விடாதீர்கள். நோய்க்குறி தெரிவதற்குச் சில நாள் முன்பே எச்சிலில் வைரஸ் வந்துவிடும். எனவே கடித்தது எந்த நாயாயினும், எந்தக் காரணத்தாலாயினும், காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். சுண்ணாம்பும் மிளகாய்ப் பொடியும் வேண்டாம். தடுப்பூசி அரசு மருத்துவமனைகளில் இலவசம். எல்லாத் தவணையும் போட்டாக வேண்டும். தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தால் இம்யூனோகுளோபுலினும் தேவை. நோய்க்குறி தோன்றியபின் காப்பாற்ற அநேகமாக வழியே இல்லை.

நாய்மொழி தெரிந்தால் தடுப்பூசி வேண்டாம் என்று ஆகாது. கருத்தடை வேண்டாம் என்றும் ஆகாது. 2023ஆம் ஆண்டின் விலங்குக் கருத்தடை விதிகளின்படி உள்ளாட்சி அமைப்புகள் தெருநாய்களைப் பிடித்து, கருத்தடை செய்து, ரேபிஸ் தடுப்பூசி போட்டாக வேண்டும். காது நுனியில் வெட்டு இருந்தால், கருத்தடை முடிந்த நாய் என்று அடையாளம். அந்த வேலை அரசுடையது. நாயைப் படிப்பது நம்முடைய வேலை.

2024இல் மாநகராட்சியாக உயர்ந்த திருவண்ணாமலையில், கிரிவலப் பாதையின் எட்டு லிங்கங்களுக்கு அருகிலும் ஒரு பலகை வைக்கலாம்: தூங்கும் நாயைத் தொடாதீர், குட்டிகளுக்கு அருகில் போகாதீர், கையில் வைத்து ஊட்டாதீர், உறைந்து நின்றால் விலகுங்கள், கடித்தால் சோப்பால் கழுவி உடனே ஊசி போடுங்கள். பள்ளிகளில் ஒரு வகுப்பு நேரம் ஒதுக்கினால் இதையெல்லாம் சொல்லிக்கொடுத்துவிடலாம். குழந்தைகள்தான் அதிகம் கடிபடுகிறார்கள். செலவு சொற்பம். “திடீர்னு பாஞ்சிடுச்சி” என்று அடுத்த முறை யாராவது சொன்னால், பாய்வதற்கு முன் அது என்ன செய்தது என்று கேளுங்கள்.