கன்று வீச்சு நோயும் இரத்தப் பரிசோதனைகளும்

சினைப்பசு ஐந்தாம் மாதத்திற்குப் பின் கன்றை வீசிவிடுமாயின், அதனைத் திருஷ்டி தோஷமென்றோ மலைப்பனியின் கொடுமையென்றோ கருதி, மறு சந்தையிலேயே அப்பசுவை விற்றுவிடும் குடியானவர்கள் இன்றும் உளர். கன்று வீசுதற்குக் காரணங்கள் பல. ஆயினும் புரூசெல்லா என்னும் நுண்கிருமியே காரணமாயிருப்பின், விற்ற பசு வாங்கியவரது தொழுவம் முழுவதையும் கெடுக்கும். வாங்கியவரோ பெரும்பாலும் பக்கத்துக் கிராமத்தார். மேய்ச்சல் நிலமும் தண்ணீர்த் துறையும் இருவருக்கும் பொதுவாயிருத்தல் கூடும்!

நோயுற்ற மாடு பார்வைக்குத் திடகாத்திரமாகவே தோன்றும். 1887இல் டேவிட் புரூஸ் மால்டாத் தீவில் கண்டுபிடித்த ஜுரக் கிருமி மனிதரை எவ்வாறு அடைகிறதென்பது பல்லாண்டுகள் விளங்கவில்லை. 1905இல் ஜாமிட் என்னும் டாக்டர், யாதொரு குறையுமின்றித் தோன்றிய வெள்ளாடுகளின் இரத்தத்தைச் சோதித்த பின்னரே, ஆட்டுப்பால் வழியாக அது பரவுவது தெரிந்தது. ஆதலால் மாட்டின் தோற்றத்தை நம்பி விலை பேசுதல் தகாது.

இப்பொழுது வழங்கும் பரிசோதனைகளில் எது சிறந்தது? விலையுயர்ந்ததே சிறந்ததென்று எண்ணுவோர் அநேகர். பழனி மலைக்கு அவ்வெண்ணம் பொருந்தாது. கொடைக்கானலிலிருந்து பழனிக்கு மலைப்பாதை சுமார் 64 கிலோமீட்டர். பூம்பாறை, மன்னவனூர் முதலிய ஊர்கள் கொடைக்கானலுக்கும் அப்பால் உள்ளன. உறைந்த இரத்தத்தினின்று ஸீரம் என்னும் தெளிநீரைப் பிரிக்காமல் அனுப்பினால், வழிக் குலுக்கலில் அது சிவந்து கெட்டுப்போம். ரோஸ் பெங்கால் பரிசோதனைக்கோ, ஒரு துளி ஸீரமும் அதே அளவு சாயமேற்றிய கிருமித் திரவமும் வெண்ணிறத் தட்டும் போதும். கலந்த 4 நிமிஷத்தில் திரிதிரியாகத் திரண்டால் நோயென்று சந்தேகிக்கலாம். செலவு சொற்பம், கால்நடை ஆஸ்பத்திரியிலேயே செய்யலாம்.

எனினும் இது ஒன்றைக்கொண்டே பசுவுக்குத் தீர்ப்புக் கூறலாகாது. வேறு சில கிருமிகளாலும், தடுப்பூசியாலும் இவ்வாறு திரளக்கூடும். சந்தேகப்பட்டவற்றை மட்டும் எலைசாப் பரிசோதனைக்கு அனுப்புதல் சிலாக்கியம். அதற்குக் கருவியும் பயின்ற ஆளும் வேண்டும். ஒரு தட்டில் 96 குழிகள் உள்ளமையால், பல மாடுகளின் ஸீரத்தைச் சேர்த்துச் சோதிப்பதே சிக்கனம். கன்று வீசிய உடனே எடுத்த இரத்தத்தில் நோய் தெரியாமலும் போகலாம். மூன்று நான்கு வாரங்கழித்து மறுபடி எடுப்பது அவசியம். பால் சங்கங்களில் கலந்த பாலுக்கு வளையப் பரிசோதனை செய்யலாம்; பாலேட்டில் நீலவளையம் தோன்றினால் பால் ஊற்றுவோரின் மாடுகளைத் தனித்தனியே சோதிக்கவேண்டும். சீம்பாலும் மடிவீக்கப் பாலும் இதில் ஏமாற்றும்.

2019இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்படி 4 முதல் 8 மாத வயதுள்ள கிடேரிக் கன்றுகளுக்கு ஒரே முறை ஊசி போடப்படுகிறது. ஊசி போட்ட தேதியைக் காது வில்லை எண்ணுடன் குறித்து வையாதவர், பின்னர் நல்ல கிடேரியையும் நோயுற்றதென்று சந்தேகிக்க நேரும்.

மாடு கைமாறுமுன் பரிசோதனைச் சீட்டைக் கேட்கும் வழக்கத்தைக் கிராம அதிகாரிகள் ஏற்படுத்தல் வேண்டும். இரண்டாம் முடிவு வருமளவும் அப்பசுவைத் தனியே கட்டி, பாலைக் காய்ச்சாமல் எவருக்கும் கொடாமலும், வீசிய கன்றையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் தொடாமலும், சுண்ணாம்பிட்டு ஆழப் புதைத்தல் வேண்டும்.