புதிய அட்டை வேண்டுமா?

முசரவாக்கத்திலிருந்து காஞ்சிபுரம் வந்து போகும் மாணவர்கள், பட்டுத் தறிக்கு மேலே தொங்கும் துளையிட்ட அட்டைச் சரத்தைப் பார்த்திருப்பார்கள். ஓர் ஊடை இழைக்கு ஓர் அட்டை. துளை உள்ள இடத்தில் பாவு இழை மேலே தூக்கப்படும்; இல்லாத இடத்தில் கீழேயே நிற்கும். தறியை மாற்ற வேண்டாம். சரத்தை மாற்றினால் போதும், மாங்காய் இருந்த இடத்தில் அன்னம் வந்துவிடும்.

கணிப்பொறியிலும் இத்தகைய ஏற்பாடு உண்டு. எழுத்தின் அளவு என்ன, எந்த மொழியில் செய்தி காட்ட வேண்டும் என்பவற்றை நிரலுக்குள் எழுதாமல் தனிக் கோப்பில் எழுதி வைக்கிறோம். இதுவே அமைவுக் கோப்பு. நிரல் எழுதக் கற்ற மாணவர் பலருக்கு இங்கே ஓர் ஆசை பிறக்கிறது: “இருக்கும் வடிவங்கள் சரியில்லை, நானே புதிதாக ஒன்றைப் படைத்தால் என்ன?”

அவர்கள் சொல்லும் குறைகள் மெய்யானவைதாம். ஜேசன் என்னும் வடிவத்தில் குறிப்புரை எழுத இடமில்லை. யாமல் வடிவத்தின் 1.1 பதிப்பில், நார்வே நாட்டைக் குறிக்கும் என்.ஓ. என்ற ஈரெழுத்தை மேற்கோள் குறியின்றி எழுதினால், ‘இல்லை’ என்று பொருளாகிவிடும். ஆயினும், புதிய வடிவம் படைப்பது பெரும்பாலும் வீண்வேலை என்பதே என் கருத்து.

ஏன்? கோப்பு வடிவம் என்பது ஓர் உடன்பாடு. அதன் விதிகளை ஒரே மாலையில் வகுத்துவிடலாம். ஆனால் ஒவ்வொரு கணிமொழியிலும் அதைப் படிக்கும் நிரல் வேண்டும். பிழை காட்டும் கருவி வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அதைக் கற்றுக்கொள்ள மனிதர்கள் வேண்டும். உங்கள் மாலைப் பொழுதின் செலவைப் பிறர் ஆண்டுக்கணக்கில் சுமப்பார்கள்.

ஜக்கார்டு 1804இல் தம் பொறியை அமைத்தபோது துளையட்டையைப் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. பூஷோன் 1725இல் துளையிட்ட தாளையும், ஃபால்கோன் 1728இல் அட்டைச் சரத்தையும் பயன்படுத்தியிருந்தனர். ஜக்கார்டு முன்னோர் வழியை மேம்படுத்தினார். நெசவு மென்பொருள் செய்வோரும் இதையே செய்தனர். ஒருவர் வரைந்த நெசவுக் கோலத்தை மற்றவர் மென்பொருளும் படிக்க, 1990களில் டபிள்யூ.ஐ.எஃப். என்ற பொது வடிவத்தை வகுத்தார்கள், அதன் 1.1 பதிப்பு 1997இல் வந்தது. பாவு, ஊடை, நிறம் முதலிய தலைப்புகள் புதியவை. எழுதும் முறையோ விண்டோஸில் வழங்கிய பழைய ஐ.என்.ஐ. முறைதான்!

ஆளுக்கொரு வடிவம் என்றால் என்ன ஆகும் என்பதைத் தமிழர் பட்டறிந்துள்ளோம். 1990களில் எழுத்துரு செய்தவர்கள் தத்தமக்கெனக் குறியீட்டு முறை வகுத்தனர். ஒன்றில் தட்டெழுதியதை மற்றொன்றில் திறந்தால் பொருளற்ற குறிகளே தெரிந்தன. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்னும் தரங்கள் வந்தன. 2010இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியை ஏற்றது. அதற்கு முந்தைய கோப்புகள் பலவற்றை இன்றும் மாற்றி நிரல் இல்லாமல் படிக்க முடிவதில்லை.

அப்படியானால் புதிய வடிவமே கூடாதா? கூடும். ஐ.என்.ஐ. முறைக்கு எல்லோரும் ஒப்பிய எழுத்து விதி இல்லை. ஒரே வரியை இரு நிரல்கள் இரு விதமாகப் படித்தன. அக்குறையைத் தீர்க்க 2013இல் டாமல் என்ற வடிவம் தோன்றியது. பழைய தோற்றத்தைப் பெரிதும் விடாமல் திட்டமான விதிகளைத் தந்தது. அப்படியும், பைத்தான் மொழியின் அடிப்படைத் தொகுப்பில் அதைப் படிக்கும் வசதி இடம்பெற 2022 வரை காத்திருக்க நேர்ந்தது.

ஆகவே, புதிய வடிவத்தைத் தொடங்குமுன் உங்களையே கேளுங்கள்: பழையதில் சொல்லவே முடியாத எதைச் சொல்லப் போகிறேன்? என்னைத் தவிர வேறு யாருக்கு அது தேவை? பத்தாண்டு கழித்து இக்கோப்பை யார் திறப்பார்? விடை கிடைக்காவிட்டால், இருக்கும் அட்டையிலேயே துளையிடுங்கள். உங்கள் கற்பனைக்குரிய இடம் சேலையின் கோலம். அட்டையின் அளவு அன்று.