வினா யாருடையது?

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றின் கதவுகள் கறுப்பின மக்களுக்கு அடைக்கப்பட்டிருந்த காலத்தில், அவர்களுக்கென எழுந்தவை ஹோவர்டு, டஸ்கீகி, மோர்ஹவுஸ் முதலிய கல்வி நிலையங்கள். சொந்த நாட்டில் ஒதுக்கப்பட்டோரின் அந்நிலையங்கள், கடல் கடந்தும் அறிவுத் தொடர்பை வளர்த்தன. அத்தொடர்பு எவ்வாறு அமைதல் வேண்டும்? வரலாறே விடை கூறுகிறது.

1901இல் டஸ்கீகி நிலையத்தார் நால்வர், ஜெர்மனியின் ஆட்சிக்குட்பட்ட டோகோவுக்குச் சென்று பருத்தி வேளாண்மை கற்பித்தனர். அவர்தம் திறனும் உழைப்பும் மெய்யானவை. ஆனால், எதைப் பயிரிடுவது என்று முடிவு செய்தவர் டோகோ உழவர் அல்லர், அயல் ஆட்சியாளரே. ஆகவே, கற்பித்த கல்வி காலப்போக்கில் கட்டாயப் பயிராயிற்று.

1936இல் ஹோவர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் தர்மன் இந்தியாவில் காந்தியடிகளைச் சந்தித்தார். அறவழிப் போராட்டம் பற்றி அவர் வினவினார். கறுப்பின மக்களின் நிலை பற்றிக் காந்தியடிகள் வினவினார். தர்மனைத் தொடர்ந்து அடிகளைக் கண்ட பெஞ்சமின் மேஸ், பின்னர் மோர்ஹவுஸ் கல்லூரியின் தலைவரானார். அங்குப் பயின்ற மார்ட்டின் லூதர் கிங்கிற்கு வழிகாட்டியாகவும் விளங்கினார்.

பொருள் வழங்குவோரே ஆய்வுப்பொருளையும் வகுப்பது முறை என்பர் சிலர். மண்ணின் இயல்பையும் மக்களின் தேவையையும் அம்மண்ணில் வாழ்வோரன்றி வேறு யார் நன்கறிவர்? இன்று ஆப்பிரிக்கப் பல்கலைக்கழகங்களோடு கைகோக்கும் கறுப்பினக் கல்வி நிலையங்கள் இதனை மறத்தலாகாது. விடையைப் பகிர்வது மட்டும் பரிமாற்றமன்று. வினாவையும் இருவரும் சேர்ந்து எழுப்புவதே பரிமாற்றம்.