விலைக்கு வரியா, வீரியத்துக்கு வரியா?

கணக்கைக் கண்டாலே ஓடிப்போய் ஊடகத் துறை படித்தவள் நான். அப்படிப்பட்ட என்னையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் கால்குலேட்டரும் கையுமாக உட்கார வைத்துவிட்டார் பெரியப்பா மகன்.

அண்ணன் இங்கே சிறிய அளவில் மதுபானம் இறக்குமதி செய்து உணவகங்களுக்குக் கொடுக்கிறார். நம் வீடுகளில் இதைச் சத்தமாகச் சொல்லமாட்டோம். ஆனாலும் அதுதான் அவர் குடும்பத்துக்குச் சோறு போடும் தொழில்.

“தங்கச்சி, விலை குறைஞ்ச வைன் பறக்குது. ஆனா பேங்குல காசு நிக்கவே மாட்டேங்குது,” என்றார். அடுத்து அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னதுதான் என்னைச் சுட்டது. கடைகளில் பணம் வசூலிக்கும் ஊழியர்மீது அவருக்குச் சந்தேகம். பத்து ஆண்டுகளாகக் கூடவே இருப்பவர். அடுத்த மாதம் வேலையைவிட்டு நிறுத்திவிடலாமா என்று யோசிக்கும் அளவுக்குப் போயிருந்தார்.

“முதல்ல கணக்கைப் பாருங்க, அப்புறம் ஆளைப் பாருங்க,” என்றார் அண்ணி. மூவரும் மென்பொருளைத் திறந்தோம்.

சிங்கப்பூரில் மதுவுக்கான கலால் வரி, பாட்டிலின் விலையைப் பார்ப்பதில்லை. உள்ளே எத்தனை லிட்டர் ஆல்கஹால் இருக்கிறது என்றுதான் பார்க்கிறது. வைனுக்கும் விஸ்கிக்கும் ஒரு லிட்டர் ஆல்கஹாலுக்கு 88 வெள்ளி. பியருக்கு 60 வெள்ளி. அதோடு சுங்க வரி 16 வெள்ளி. 0.75 லிட்டர் வைன், 13.5 விழுக்காடு வீரியம் என்றால் 0.75 x 0.135 x 88. அதாவது 8 வெள்ளி 91 காசு. அந்த வைன் 6 வெள்ளிக்கு வாங்கியதானாலும் 40 வெள்ளிக்கு வாங்கியதானாலும் வரி ஒன்றே.

சுங்கத்துறைக்குக் கட்டிய வரியில் தவறில்லை. தவறு அதற்குப் பிறகு நடந்தது. மொத்தமாகக் கட்டிய தொகையை, மென்பொருள் ஒவ்வொரு பாட்டிலுக்கும் அதன் விலை விகிதப்படி பிரித்துக் கொடுத்திருந்தது. வாங்கியபோது இருந்த அமைப்பு அது. யாரும் மாற்றவில்லை.

இரண்டு வைனிலும் ஒரே எண்ணிக்கையில் வாங்கினால் என்ன ஆகும்? இரு பாட்டிலுக்கும் சேர்த்து வரி 17.82 வெள்ளி. மென்பொருள் 6 வெள்ளி வைனுக்கு 2.32, 40 வெள்ளி வைனுக்கு 15.50 என்று பிரித்தது. ஆக, மலிவு வைனின் அடக்கவிலை 8.32 என்று திரையில் தெரிந்தது. உண்மையில் 14.91. அண்ணன் அதை 14 வெள்ளிக்கு விற்று, நல்ல லாபம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். பொருள் சேவை வரியைச் சேர்க்காமலே பாட்டிலுக்கு 91 காசு நட்டம். விற்க விற்க நட்டம்! விலை உயர்ந்த வைனோ, அடக்கவிலை கூடுதலாகக் காட்டப்பட்டதால் விலை ஏறி, அலமாரியிலேயே தூங்கியது.

“அளவுப்படி பிரி” என்றொரு தெரிவு இருந்தது. அண்ணன் உடனே அதை அழுத்தப் போனார். அதுவும் போதாது. 0.7 லிட்டர் விஸ்கி வைன் பாட்டிலைவிடச் சிறியது. ஆனால் 40 விழுக்காடு வீரியத்தால் அதன் வரி 24.64 வெள்ளி. அளவையும் வீரியத்தையும் பெருக்கினால்தான் கணக்கு நிற்கும்.

எனவே ஒவ்வொரு பொருளுக்கும் நான்கு விவரங்களைச் சேர்த்தோம்: பாட்டிலின் அளவு, வீரியம், பெட்டிக்கு எத்தனை, பியரா மற்றதா. வரி விகிதத்தைத் தனி அட்டவணையில், தேதியோடு வைத்தோம். 2014ல் வைனுக்கான விகிதம் 70லிருந்து 88 ஆனது. இனி மாறினாலும் ஓரிடத்தில் திருத்தினால் போதும். பழைய பில்கள் கலையாது.

நடுவில் நானும் ஒரு கூத்து செய்தேன். 0.75 என்பதற்குப் பதில் 750 என்று தட்டிவிட்டேன். ஒரு பாட்டிலுக்கு 8,910 வெள்ளி வரி என்றது திரை. அண்ணி சிரித்த சிரிப்பில் வீடே அதிர்ந்தது. அன்றிலிருந்து அங்கே ஒரு விதி: புதிய பொருள் வந்தால், ஒரு பாட்டிலுக்கான வரியைத் தாளில் போட்டுப் பார்த்த பிறகுதான் மென்பொருளை நம்ப வேண்டும். அதே வைன் அடுத்த ஆண்டு அறுவடையில் 14.5 விழுக்காடாக வரலாம். வரி 9.57 ஆகிவிடும். லேபிளையும் ஒவ்வொரு முறையும் படிக்க வேண்டும்.

திங்கட்கிழமை காலை அண்ணன் அந்த ஊழியரை அழைத்து உட்கார வைத்து, நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். “என்னைச் சந்தேகப்பட்டீங்களாண்ணே?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாராம் அவர். பிறகு வழக்கம்போல் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாராம்.

அடக்கவிலையை ஒரே நாளில் திருத்திவிட்டோம். அந்தக் கேள்விக்குத்தான் அண்ணன் இன்னும் பதில் தேடிக்கொண்டிருக்கிறார்.